டான்சில் ‘கிரேடு 3’ என்று எழுதிக்கொடுத்தால் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஆறு வயதுப் பையன். காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்தில் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, சீட்டில் ‘டான்சில் கிரேடு 3’ என்று எழுதி, எடுத்துவிடுவது நல்லது என்றிருக்கிறார். இன்னொரு டாக்டர், வளர வளரச் சுருங்கிவிடும், விட்டுவிடுங்கள் என்கிறார். பாட்டியோ உப்பைத் தொட்டு உள்நாக்கை அழுத்திவிட்டால் போதும் என்கிறார். தொண்டை வலி வருடத்துக்கு இரண்டு முறைதான் வருகிறது, குறட்டை மட்டும் உண்டு. எடுக்காவிட்டால் ஆபத்தா, எடுத்தால் எதிர்ப்பு சக்தி போய்விடுமா என்பது உங்கள் கேள்வி. அந்த ‘3’ என்ற எண்ணையே ஒரு நோயாக எடுத்துக்கொண்டதால்தான் இந்தப் பயம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அது வெறும் அளவு, சட்டைக்கு சைஸ் சொல்வது மாதிரி. நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன குறட்டைதான் விசாரிக்க வேண்டிய விஷயம். பையனை நேரில் பார்க்காமல் எடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ என்னால் சொல்ல முடியாது. அந்த முடிவை எதையெல்லாம் வைத்து எடுக்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உள்நாக்கு என்பது வாயின் பின்பக்கம் நடுவில் மணி போலத் தொங்குவது. டான்சில் அதற்கு இரு பக்கமும், முன்னும் பின்னும் இருக்கிற இரண்டு மடிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் சதை. நம் ஊரில் இரண்டையும் ‘உள்நாக்கு வளர்ந்திருக்கு’ என்றே சொல்லிவிடுகிறார்கள். மூன்றாவதாக அடினாய்டு. இது மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே இருப்பதால் வாயைத் திறந்தால் தெரியாது. இதை ‘மூக்குச் சதை’ என்பார்கள். பெரியவர்களுக்கு அலர்ஜியால் மூக்குக்குள் வளரும் பாலிப்புக்கும் அதே பெயர்தான், ஆனால் அது வேறு. பாட்டியின் வைத்தியத்தைப் பற்றி ஒரே வரி: விரலால் அழுத்தி டான்சில் சுருங்காது, உரசிப் புண்ணாகும், ரத்தம் கசியும், குமட்டி எடுக்கிற வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அவர் மனம் நோகாமல் தடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைப்பதாகச் சொன்னால் சமாதானமாகிவிடுவார், பையனுக்கும் தொண்டை கொஞ்சம் இதமாக இருக்கும்.

இந்த வயதில் ஏன் பெரிதாக இருக்கிறது? மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் உள்ளே வருகிற கிருமிகளை உடலுக்கு அறிமுகப்படுத்தும் காவல் திசுக்கள் தொண்டையைச் சுற்றி ஒரு வளையமாக இருக்கின்றன. டான்சிலும் அடினாய்டும் அந்த வளையத்தின் பகுதிகள். பிறக்கும்போது இவை சிறியவை. இரண்டு, மூன்று வயதிலிருந்து ஏழு, எட்டு வயதுவரை வேகமாகப் பருக்கும், பிறகு மெதுவாகச் சுருங்கத் தொடங்கி, பதின்வயதில் அடினாய்டு பெரும்பாலும் காணாமலே போய்விடும். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து மாதாமாதம் ஒரு சளியை வீட்டுக்குக் கொண்டுவருகிற வயதும் இதுதான். தொண்டையின் அகலமும் அப்போது குறைவு. அதனால் எந்தத் தொந்தரவும் இல்லாத ஆறு வயதுக் குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்து வாயைப் பார்த்தால், கிரேடு 2, கிரேடு 3 தாராளமாகத் தென்படும். ‘வளர வளரச் சுருங்கும்’ என்று சொன்ன டாக்டர் தப்பாகச் சொல்லவில்லை. சுருங்குகிறவரைக்கும் இரவில் என்ன நடக்கிறது என்பதைத்தான் அவர் கேட்காமல் விட்டிருக்கிறார்.

கிரேடு போடுவது எப்படி என்று தெரிந்தால் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஈ.என்.டி. டாக்டராக இருந்த லிண்டா பிராட்ஸ்கி 1989இல் விவரித்த முறை இது. இரு பக்க முன்மடிப்புகளுக்கு இடையே தொண்டையின் அகலம் எவ்வளவோ, அதில் இரண்டு டான்சிலும் சேர்ந்து எத்தனை பங்கை அடைக்கின்றன என்று கண்ணால் மதிப்பிடுவார்கள். குழிக்குள்ளேயே அடங்கியிருந்தால் 0. கால் பங்குக்குள் 1. கால் முதல் அரை வரை 2. அரை முதல் முக்கால் வரை 3. அதற்கு மேல் 4. நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கும் டான்சில்கள் இதில் வரும். ஸ்கேல் வைத்து அளப்பதில்லை என்பதால் 2க்கும் 3க்கும் நடுவில் இருக்கிற குழந்தைக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு எண் போடுவது சகஜம். அதைவிடப் பெரிய பிழை குமட்டலில் வருகிறது. நாக்கை அழுத்திப் பிடிக்கிற கட்டையைப் பின்பகுதி வரை வைத்து அழுத்தினால் குழந்தை ஓங்கரிக்கும். அந்த நொடியில் தொண்டைத் தசைகள் சுருங்கி இரண்டு டான்சிலையும் நடுவை நோக்கித் தள்ளும். இரண்டாக இருந்தது மூன்றாகத் தெரியும். நாக்கை வெளியே நீட்டச் சொல்லாமல், கட்டையை முன்பாதியில் மட்டும் மெதுவாக வைத்து, ‘ஆ’ சொல்வதற்கு முன்பே பார்க்க வேண்டும். மூன்றாவது பிழை நேரம். உங்கள் பையனைக் காய்ச்சலோடு பார்த்திருக்கிறார்கள். தொற்று இருக்கும்போது டான்சில் வீங்கத்தான் செய்யும். காய்ச்சல் விட்டு நாலு முதல் ஆறு வாரம் கழித்துப் பார்த்த அளவைத்தான் அவனுடைய சொந்த அளவாகக் கொள்ள வேண்டும்.

அளவு சரியாகவே எடுத்திருந்தாலும் அது சொல்லாத விஷயங்கள் நிறைய. அடினாய்டு எவ்வளவு அடைக்கிறது என்று சொல்லாது. டான்சில் கீழ்ப்பக்கமாக, நாக்கின் அடிவரை இறங்கியிருந்தால் அதுவும் தெரியாது. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து வழி எவ்வளவு குறுகுகிறது என்பது விழித்திருக்கிற குழந்தையின் வாயைப் பார்த்து ஊகிக்கக்கூடிய விஷயமே இல்லை. இதனால்தான் தூக்க ஆய்வு செய்து ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சிகளில் டான்சில் கிரேடுக்கும் இரவு மூச்சடைப்பின் கடுமைக்கும் உள்ள தொடர்பு பலவீனமாகவே வந்திருக்கிறது. கிரேடு 4 வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் தூங்குகிற குழந்தையும் உண்டு, கிரேடு 2 டான்சிலும் பெரிய அடினாய்டும் சேர்ந்து மூச்சுத் திணறுகிற குழந்தையும் உண்டு. மூக்கு எப்போதும் அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விடுகிறான் என்றால் அடினாய்டைப் பார்க்க வேண்டும். கழுத்தைப் பக்கவாட்டில் எடுக்கிற எக்ஸ்ரே ஒரு தோராயத்தைத் தரும். அதுவும் குழந்தை அழாமல், வாயை மூடி, மூக்கால் மூச்சை இழுக்கும்போது எடுத்தால்தான் நம்பலாம். ஒத்துழைக்கிற குழந்தைக்கு மூக்கு வழியாக மெல்லிய ஸ்கோப் விட்டுப் பார்ப்பது இன்னும் தெளிவு.

இப்போது குறட்டைக்கு வருவோம். சளி பிடித்த வாரத்தில் மட்டும் வருகிற குறட்டையைப் பொருட்படுத்த வேண்டாம். சளியே இல்லாத நாட்களிலும் வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். குறட்டை ஒரே சீராக ஓடுகிறதா, நடுவில் அறுந்து, சில விநாடி மௌனமாகி, பிறகு திடுக்கென்று ஒரு செருமலோடு தொடங்குகிறதா என்று பாருங்கள். அந்த மௌனத்தின்போது நெஞ்சும் வயிறும் அசைந்துகொண்டே இருக்கும், காற்று மட்டும் போகாது. அடைப்பின் அடையாளம் இதுதான். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலே வர நெஞ்சு உள்ளே அமுங்குவது, கழுத்தைப் பின்னால் வளைத்து வைத்துக்கொண்டோ குப்புறக் கிடந்து பின்பக்கத்தைத் தூக்கியோ தூங்குவது, ஃபேன் ஓடும்போதே தலையணை நனையும் அளவுக்கு வியர்ப்பது, படுக்கை முழுக்க உருளுவது, ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்த படுக்கை நனைப்பு மறுபடி தொடங்குவது, காலையில் தலைவலி என்று எழுவது ஆகியவை உடன் வருபவை. பகல் அறிகுறிகளில் பெற்றோர் ஏமாறுவதுண்டு. பெரியவர்களுக்கு இரவுத் தூக்கம் கெட்டால் பகலில் தூங்கி வழிவார்கள். குழந்தைகள் பல நேரம் அதற்கு நேர்மாறு: நிற்காமல் ஓடுவது, எதற்கெடுத்தாலும் எரிச்சல், வகுப்பில் கவனம் இல்லை என்ற புகார். சாப்பாட்டையும் பாருங்கள். கறித்துண்டையும் சப்பாத்தியையும் நெடுநேரம் மென்று துப்பிவிட்டு ரசம் சோறு மட்டும் கேட்கிற பிள்ளையை நாம் அடம் என்று திட்டுவோம். சில சமயம் அது வழியில்லாததால் வரும் அடம். எடை கூடாமல் நிற்பதும் இதோடு சேரும்.

டாக்டரிடம் போகும்போது நீங்கள் வாயால் சொல்வதைவிட ஒரு வீடியோ அதிகம் சொல்லும். எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. தூங்கிய அரை மணி நேரத்தில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அது போதாது. கனவு வருகிற தூக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம். குழந்தைகளுக்கு அடைப்பு கூடுவதும் பெரும்பாலும் அப்போதுதான். விடியற்காலை நாலிலிருந்து ஐந்தரைக்குள் ஐந்து நிமிடத் துண்டுகளாக மூன்று இரவு எடுங்கள். போர்வையை விலக்கி, சட்டை பட்டனைக் கழற்றி, முகம், நெஞ்சு, வயிறு மூன்றும் ஒரே சட்டத்துக்குள் தெரிய வேண்டும். சின்ன விளக்கு போதும். சத்தம் பதிவாக வேண்டும் என்பதால் ஃபேனைக் குறைத்துக்கொள்ளுங்கள். எழுப்பாதீர்கள், படுத்திருக்கும் நிலையை மாற்றாதீர்கள்.

வீடியோவில் அடைப்பு அப்பட்டமாகத் தெரிகிறது, டான்சிலும் பெரிது, மற்றபடி ஆரோக்கியமான குழந்தை என்றால் பல டாக்டர்கள் அதை வைத்தே முடிவெடுப்பார்கள். அதில் தவறில்லை. இரவு முழுக்கப் படுக்க வைத்து மூச்சு, ஆக்சிஜன், மூளை அலை எல்லாம் பதிவு செய்கிற தூக்க ஆய்வுதான் உறுதியான அளவுகோல். ஆனால் குழந்தைகளுக்கு அதைச் செய்கிற இடங்கள் தமிழ்நாட்டில் பெரிய நகரங்களைத் தாண்டினால் அரிது, செலவும் உண்டு. யாருக்கு அது அவசியம் என்றால், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம், முக எலும்பு அமைப்பில் குறை, தசை பலவீன நோய்கள், சிக்கிள் செல் ரத்தசோகை உள்ளவர்கள். இவர்களைத் தவிர, பெற்றோர் சொல்வதும் டாக்டர் பார்ப்பதும் ஒத்துப்போகாத குழந்தைகளுக்கும் வேண்டும்: டான்சில் சிறிது, ஆனால் மூச்சு நிற்கிறது என்கிறீர்கள், அல்லது டான்சில் பெரிது, ஆனால் குறட்டையே இல்லை. அறிக்கையில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்று ஓர் எண் இருக்கும். பெரியவர்களுக்கு 5 வரை சாதாரணம். குழந்தைகளுக்கு 1ஐத் தாண்டினாலே கணக்கில் வரும். 5 வரை லேசானது, 10க்கு மேல் கடுமையானது. வீட்டில் விரலில் மாட்டி இரவு முழுக்க ஆக்சிஜன் பதிவு செய்வது மலிவான மாற்று. அதில் திரும்பத் திரும்ப ஆக்சிஜன் இறங்கினால் அடைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். சாதாரணமாக இருந்தால் அடைப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆக்சிஜன் இறங்காமலே தூக்கம் துண்டு துண்டாக உடைகிற குழந்தைகள் உண்டு.

அடைப்பு உறுதியான பிறகும் உடனே எடுத்தாக வேண்டுமா? உங்கள் பையன் வயதுக்கு நேராகப் பொருந்துகிற ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையிலான 464 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டான்சிலையும் அடினாய்டையும் சீக்கிரமே எடுத்தார்கள், மறுபாதியைக் காத்திருக்க வைத்தார்கள். 2013இல் வெளியான முடிவு: ஏழு மாதம் கழித்துத் தூக்க ஆய்வு சரியாகிவிட்டவர்கள் ஆபரேஷன் ஆனவர்களில் 79 சதவீதம், சும்மா காத்திருந்தவர்களில் 46 சதவீதம். ஆபரேஷன் ஆனவர்களுக்கு நடத்தை, அறிகுறிகள், அன்றாட வாழ்க்கை எல்லாம் தெளிவாக மேம்பட்டன. முக்கியமாக அளந்த கவனத் தேர்வு மதிப்பெண்ணில் மட்டும் பெரிய வித்தியாசம் வரவில்லை. ‘ஆபரேஷன் செய்தால் மார்க் ஏறும்’ என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மிகக் கடுமையான அடைப்பு உள்ளவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அதனால் அவர்களுக்கு இந்தக் காத்திருப்புக் கணக்கு செல்லாது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: லேசான, நடுத்தர அடைப்பில் சில மாதம் காத்திருந்து கவனிப்பது அலட்சியம் ஆகாது, ஆனால் குழந்தை பகலிலும் அவதிப்படுகிறது என்றால் ஆபரேஷன் பலன் தரும்.

காத்திருக்கிற மாதங்களில் செய்ய வேண்டியவை சில உண்டு. உப்புநீர் மூக்கு ஸ்ப்ரே தினமும் இரு வேளை. ஆஸ்திரேலியாவில் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில் குறட்டை விடும் குழந்தைகளுக்கு ஆறு வாரம் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் வெறும் உப்புநீர் ஸ்ப்ரேயும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் ஏறக்குறைய பத்தில் நாலு பேருக்குத் தொந்தரவு போய்விட்டது. அதனால் உப்புநீரில் தொடங்குவதில் இழப்பு ஒன்றுமில்லை. தும்மல், மூக்கரிப்பு என்று அலர்ஜி தெளிவாக இருக்கிற குழந்தைக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே நல்ல மருந்து. ஸ்ப்ரேயின் முனையை மூக்கின் நடுச்சுவரை நோக்கி வைக்காமல், அதே பக்கத்துக் காதை நோக்கிச் சாய்த்து அடியுங்கள். நடுச்சுவரில் பட்டால் ரத்தம் கசியும், அதோடு பெற்றோர் மருந்தையே நிறுத்திவிடுவார்கள். மான்டெலுகாஸ்ட் மாத்திரையும் சிலர் எழுதுவார்கள். ஓரளவு உதவும் என்பதற்கு ஆதாரம் உண்டு, ஆனால் கெட்ட கனவு, மனநிலை மாற்றம், ஆக்ரோஷம் வரலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020இல் தன் கடும் எச்சரிக்கையைச் சேர்த்தது. கொடுத்த வாரத்தில் பிள்ளையின் குணம் மாறினால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்து நிரந்தரமாகப் பெரிதாயிருக்கும் டான்சிலைச் சுருக்க முடியாது. வீட்டில் யாராவது புகை பிடித்தால் அது நிற்க வேண்டும். பையன் எடை கூடுதலாக இருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

அடுத்த காரணம், திரும்பத் திரும்ப வரும் தொற்று. இதற்கான கணக்கைப் பிட்ஸ்பர்கைச் சேர்ந்த ஜாக் பாரடைஸ் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்விலிருந்து எடுத்துப் பின்பற்றுகிறார்கள்: ஒரே வருடத்தில் ஏழு முறை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு ஐந்து, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு மூன்று. தொண்டை கரகரத்ததையெல்லாம் எண்ணக் கூடாது. ஒவ்வொரு முறையும் தொண்டை வலியோடு 38.3 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் (ஏறக்குறைய 101 ஃபாரன்ஹீட்), கழுத்தில் வலிக்கிற நெறி, டான்சில் மேல் சீழ், ஸ்ட்ரெப் கிருமி பரிசோதனையில் தெரிவது ஆகியவற்றில் ஒன்றாவது இருந்து, சீட்டில் பதிவாகியும் இருக்க வேண்டும். உங்கள் பையனுக்கு வருடத்துக்கு இரண்டு. இந்தக் கணக்கில் அவன் பக்கத்தில்கூட வரவில்லை. டான்சிலின் குழிகளில் வெள்ளையாக, நாற்றத்தோடு துணுக்குகள் தெரிந்தால் அதைச் சீழ் என்று பயப்பட வேண்டாம். உணவுத் துகளும் உதிர்ந்த செல்களும் சேர்ந்து இறுகியது, கொப்பளித்தால் வந்துவிடும்.

இந்த இடத்தில் ஏ.எஸ்.ஓ. டைட்டர் என்கிற ரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் டான்சில் பெரிது என்றதும் அதை எழுதிக்கொடுக்கிற பழக்கம் இருக்கிறது. 200க்கு மேல் என்று சிவப்பு எழுத்தில் வந்ததும் இருதய வால்வு போய்விடும் என்று வீடே கலங்கிப்போகிறது, சிலருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசியும் தொடங்கிவிடுகிறது. அந்தப் பரிசோதனை சொல்வது, கடந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ ஸ்ட்ரெப் கிருமி வந்துபோயிருக்கிறது என்பதை மட்டும்தான். பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு அது 200ஐத் தாண்டி நிற்பது சாதாரணம். மூட்டு வீக்கம், இருதயத்தில் சத்தம், தன்னிச்சையாகக் கைகால் துள்ளுவது என்று ருமாட்டிக் காய்ச்சலின் (ஸ்ட்ரெப் தொற்றுக்குப் பின் மூட்டையும் இருதய வால்வையும் தாக்கக்கூடிய நோய்) அடையாளம் எதுவும் இல்லாமல் இந்த எண்ணை மட்டும் வைத்து ஊசி போடுவதோ டான்சிலை எடுப்பதோ சரியில்லை. ருமாட்டிக் காய்ச்சல் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது என்பதும் உண்மை. அதைத் தடுப்பதற்கான வழி, ஸ்ட்ரெப் தொண்டைப் புண் என்று உறுதியானால் எழுதிக்கொடுத்த பெனிசிலின் அல்லது அமாக்ஸிசிலினைப் பத்து நாளும் கொடுத்து முடிப்பது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதியை அலமாரியில் வைத்துவிடுகிறோம், அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

கிரேடு எதுவானாலும் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிடுவது, வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகுவது, வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோலக் குரல் மாறுவது, ஒரு பக்கம் புடைத்து உள்நாக்கை மறுபக்கம் தள்ளியிருப்பது, மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற சத்தம். இதெல்லாம் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை. சாம்பல் நிறத்தில் தோல் போலப் படர்ந்து, தொட்டால் ரத்தம் கசிகிற படலமும் கழுத்து வீக்கமும் இருந்தால் தொண்டை அடைப்பான் நோயாக இருக்கலாம். ஐந்து, ஆறு வயதில் போட வேண்டிய டி.பி.டி. பூஸ்டரைப் போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு டான்சில் மட்டும் பெரிதாகத் தெரிவது குழந்தைகளில் பெரும்பாலும் குழியின் ஆழ வித்தியாசத்தால் வரும் தோற்றம். சில வாரங்களில் கண்ணுக்குத் தெரிய வளர்ந்தாலோ, கழுத்தில் பெரிய கட்டியோ எடை இறக்கமோ சேர்ந்தாலோ அதை அப்படி விட முடியாது. பெரியவர்களுக்கு, முக்கியமாகப் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு, ஒரு பக்க டான்சில் வலியில்லாமல் பெருத்து மூன்று வாரம் தாண்டினால் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் அடுத்த பேச்சு.

எதிர்ப்பு சக்திக் கேள்விக்கு என் பதில் இரண்டு பகுதி. உறுதியாகச் சொல்லக்கூடியது: காவல் வேலை செய்கிற திசு டான்சிலோடு முடிந்துவிடவில்லை. நாக்கின் அடியிலும் தொண்டைச் சுவரிலும் குடலிலும் உடல் முழுக்க நெறிகளிலும் இருக்கிறது. எடுத்த பிறகு ரத்தத்தில் சில எதிர்ப்புப் புரதங்கள் கொஞ்சம் குறைந்தாலும் குழந்தை நோயாளியாகிவிடுவதில்லை. இன்னும் விவாதத்தில் இருப்பது: டென்மார்க்கில் ஏறத்தாழ 12 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை அலசி 2018இல் வெளியான ஆய்வில், சிறுவயதில் டான்சிலோ அடினாய்டோ எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் சுவாசத் தொற்றுகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அது பதிவேட்டை வைத்துச் செய்த ஒப்பீடு. முதலிலிருந்தே அதிகம் நோய்வாய்ப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் ஆபரேஷன் நடந்திருக்கும் என்பதால் காரணம் எது, விளைவு எது என்று பிரிப்பது கடினம். நான் இதைப் பயமாக எடுத்துக்கொள்வதில்லை. தேவையில்லாமல் எடுக்காதே என்பதற்கு இன்னொரு காரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

எடுப்பது என்று முடிவானால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. டான்சிலை உறையோடு முழுதாக எடுப்பது ஒரு முறை. உறையை விட்டுவிட்டு உள்சதையை மட்டும் சீவுவது இன்னொன்று. அடைப்புக்காக மட்டும் செய்கிற குழந்தைக்கு இரண்டாவதில் வலியும் ரத்தக்கசிவும் குறைவு, பிறகு கொஞ்சம் வளர்ந்துவிடும் வாய்ப்பு உண்டு. அடினாய்டைச் சேர்த்து எடுப்பதாக இருந்தால் உள்நாக்கின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்று பார்த்தார்களா என்று கேளுங்கள். அது அண்ணத்துக்குள் மறைந்திருக்கும் பிளவின் அடையாளமாக இருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தைக்கு அடினாய்டை முழுதாக எடுத்தால் பேச்சு மூக்கால் வர ஆரம்பித்துவிடும். குடும்பத்தில் யாருக்காவது பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போயிருந்தால் சொல்லிவிடுங்கள். ஆறு வயது என்பதால் ஆடுகிற பால் பல் இருக்கும், மயக்க மருந்து டாக்டரிடம் அதைக் காட்டுங்கள். சளி, இருமல் பிடித்திருந்தால் சில வாரம் தள்ளிப் போடுவார்கள், அவசரப்படுத்த வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழோ கடுமையான அடைப்போ இருந்தால் அன்று இரவு ஆஸ்பத்திரியிலேயே கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு வலி இரண்டு நாளில் குறைந்துவிடும் என்று எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். நாலாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை கூடும், காதிலும் வலிக்கும். காதும் தொண்டையும் ஒரே நரம்பைப் பகிர்ந்துகொள்வதால் வருவது அது, காதில் சொட்டு மருந்து விட வேண்டாம். பாரசிட்டமால் ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திராமல் நேரம் வைத்துக் கொடுங்கள். இருபது கிலோ குழந்தைக்கு 300 மில்லிகிராம். 5 மில்லியில் 120 இருக்கிற புட்டியும் 250 இருக்கிற புட்டியும் கடையில் ஒன்றுபோலவே இருக்கும், லேபிளைப் படித்துவிட்டு அளந்து கொடுங்கள். 250 என்றால் 6 மில்லி. கோடீன் கலந்த மருந்து கூடவே கூடாது; ஆஸ்பிரினும் வேண்டாம். டான்சில் இருந்த இடம் வெள்ளையாகப் படிந்து வாய் நாறும், அது ஆறுகிற தோல், சீழ் இல்லை. ஐஸ்கிரீம் தரலாம், தயிர் சாதம், குழைந்த இட்லி, ஆறிய கஞ்சி எதுவும் தரலாம். முறுக்கும் காரமும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, தண்ணீர் குடித்தாக வேண்டும். குடிக்காத குழந்தைக்குத் தொண்டை காய்ந்து வலி இன்னும் கூடும். ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள்வரை தோல் உரிகிற சமயத்தில் சிலருக்கு ரத்தம் வரலாம். எச்சிலில் ஒரு கோடு போல வந்தாலும் போனில் கேளுங்கள், ஒரு ஸ்பூன் அளவு சிவப்பாக வந்தாலோ, தூக்கத்தில் அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, உட்கார வைத்தபடியே நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஆபரேஷன் ஆகி இரண்டு வாரத்துக்குள் ஆஸ்பத்திரி இல்லாத ஊருக்குத் திருவிழா, கல்யாணம் என்று கிளம்பாதீர்கள்.

கடைசியாக, எப்போது என்ற கேள்வி. பள்ளி கெடாமல் இருக்க முழு ஆண்டு விடுமுறையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். மூச்சு நிற்பதும் நெஞ்சு அமுங்குவதும் வீடியோவில் தெரிந்தால் மே மாதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், தேதி கிடைக்கிற முதல் வாரத்தில் செய்யுங்கள். சீரான குறட்டை மட்டும்தான், பகலில் பையன் நன்றாக இருக்கிறான் என்றால், காய்ச்சல் விட்டு ஆறு வாரம் கழித்து வீடியோக்களையும் எடை, உயரக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு ஈ.என்.டி. டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, விடுமுறைவரை உப்புநீர் ஸ்ப்ரேயோடு பாருங்கள். அதற்குள் குறட்டையே நின்றுபோய், ஆபரேஷனுக்குத் தேதி கேட்க வேண்டிய அவசியம் இல்லாமலும் போகலாம்.